பென்சில் நின்ற வரி

கவரை ஒட்ட வீட்டில் பசை இல்லை. மதியச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து, விரலால் நசுக்கி, விளிம்பில் தேய்த்து ஒட்டினேன். ஒட்டிய இடம் கொஞ்சம் மேடாக நின்றது. மூலைகளில் மஞ்சள் வைக்கலாமா என்று யோசித்து, இது என்ன கல்யாணப் பத்திரிகையா என்று விட்டேன். வைத்தால்தான் என்ன என்று மறுபடி தோன்றியது. கடைசியில் ஒரே ஒரு மூலையில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குத் தொட்டு வைத்தேன்.

உள்ளே இருந்தது என் மகளின் எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கு நான் எழுதிய கடிதம். இருபது வரி. முழுவதும் இங்கிலீஷ். எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

அதில் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகளுக்குக் காய்ச்சல் ஏறினால் ஃபிட்ஸ் வரும்.

அதைச் சொல்ல எதற்கு இருபது வரி என்று நீங்கள் கேட்கலாம். நானும் இத்தனை நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழாயடியில் ஒரு புத்தகம்

எங்கள் லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதிய வாரத்தில், நான் கையில் புத்தகத்தோடு வரிசையில் நின்றதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அது என்ன புத்தகம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கதைப் புத்தகம் இல்லை. இங்கிலீஷில் கடினமான சொற்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொருள் போட்ட புத்தகம்.

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். ஒரு குழாய். தண்ணீர் வரும் நாளில் குடம் நிறைகிற நேரத்தில் எனக்கு இரண்டு சொற்கள் மனப்பாடம் ஆகும்.

பக்கத்து வீட்டு சரசக்கா இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, கொடம் ரொம்பி வழியுது. வாய்க்குள்ள என்ன மொணமொணப்பு? மந்தரமா?"

"இங்கிலீஷுங்க்கா."

"அதச் சொன்னா தண்ணி வெரசா வருமா?"

"வராதுங்க்கா."

"அப்பறம் எதுக்குங்? கொடத்த நகத்துங்க."

வீட்டுக்குள் கிரைண்டர் ஓடும்போது இன்னும் வசதி. மாவு அரைபட அரை மணி நேரம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பத்துச் சொற்களை எழுதி, கிரைண்டருக்கு மேலே சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருப்பேன். கல் சுற்றும். நானும் அந்தச் சுற்றோடு சொல்வேன். மேக்னானிமஸ், பெருந்தன்மை. சொலிசிட்டஸ், பரிவுள்ள. உளுந்து பொங்கி வரும்போது தாளில் தெறிக்கும். இன்றைக்கும் சில சொற்களை நினைத்தால் எனக்கு உளுந்து வாசம்தான் வருகிறது.

உக்கடத்தில் சொன்ன பொய்

புத்தகம் வாங்கியது உக்கடம் பழைய புத்தகக் கடையில். அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"பரீச்சைக்குங்களா தங்கச்சி?" என்றார்.

எல்.கே.ஜி. மிஸ்ஸோடு பேச என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாங்க, பேங்க் பரீச்சை" என்றேன்.

"பேங்குக்கு இது மட்டும் பத்தாதுங்களே. கணக்கு வேணுமே" என்று ஏணியில் ஏறி, தடியாக ஒரு கணக்குப் புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி, அதன் மேல் வைத்தார். அவ்வளவு சிரமப்பட்டவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் அன்னூரில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். கல்லூரியில் இரண்டு வருடம். பிறகு கல்யாணம். இங்கிலீஷ் படித்தால் புரியும். எழுதினால் தப்பு இருக்காது, மெதுவாக எழுதினால். பேசத்தான் வராது.

என் மகள் பூர்ணிமாவைச் சேர்த்த பள்ளியோ, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி. கேட்டுக்கு உள்ளே ஒரு போர்டு இருந்தது. இங்கே இங்கிலீஷ் மட்டுமே பேசவும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். குழந்தைகளுக்கு மட்டுமில்லை, பெற்றோருக்கும்தான். அம்மா தமிழில் பேசினால் குழந்தைக்கு இங்கிலீஷ் எப்படி ஒட்டும் என்று பெரிய மிஸ் சேர்க்கையின்போதே சொல்லியிருந்தார். ஏதாவது தெரிவிக்க வேண்டுமானால் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒருநாள் பாப்பா காலையில் சாப்பிடவில்லை. கேட்டில் நின்ற ஹேமா மிஸ்ஸிடம், "மிஸ், பாப்பா காலைல ஒண்ணும் திங்கலீங்க" என்று ஆரம்பித்தேன். ஹேமா மிஸ்ஸுக்கு என்னைவிட வயது ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். சிரித்தபடியே விரலால் போர்டைக் காட்டினார். "இன் இங்கிலீஷ், ப்ளீஸ்."

எனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷும் காலடியில் வழிந்து ஓடிவிட்டது. "நத்திங், மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குழந்தை மதியம் வரைக்கும் பட்டினி.

அடுத்த சனிக்கிழமை உக்கடத்துக்கு பஸ் ஏறினேன்.

'ங்க' எங்கே போயிற்று?

ஆனால் கடினமான சொற்கள் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னர். லேத்தில் நிற்பவர். தேவைக்கு மேல் ஒரு நூல் அளவு இரும்பு இருந்தாலும் சீவி எறிந்துவிடுகிற கை.

"சாப்படலன்னு சொல்றதுக்கு மூணு வார்த்த போதும் அம்மணி. அதுக்கு எதுக்குத் தலகாணி மாதர ஒரு பொஸ்தகம்?"

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை அவரிடம் சரியாக விளக்க முடியவில்லை. இங்கே முயல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் 'வா' என்று யாரையும் கூப்பிடுவதில்லை. 'வாங்க'தான். கைக்குழந்தையைக்கூட 'ஏனுங் சாமி, அழாதீங்க' என்போம். சொல்லோடு ஒரு வால் சேரும்போதுதான் அதில் மரியாதை வருகிறது. பஸ் கண்டக்டரிடம் 'டிக்கெட்' என்று மட்டும் கேட்டால், கேட்ட நமக்கே முகம் சுருங்கும்.

இங்கிலீஷில் அந்த வாலைக் காணோம். கலெக்டருக்கும் 'யூ'. கைக்குழந்தைக்கும் 'யூ'. வா என்றாலும் 'கம்', வாங்க என்றாலும் 'கம்'. அப்படியானால் அவர்கள் மரியாதையை எங்கே வைத்திருக்கிறார்கள்? சொல்லின் நீளத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். சின்னச் சொல் 'வா'. பெரிய சொல் 'வாங்க'. மிகப் பெரிய சொல், எழுந்து நின்று கும்பிட்டு 'வாங்க வாங்க'.

சரிதானா என்று கேட்க யாரும் இல்லை. அதனால் சரி என்றே வைத்துக்கொண்டேன்.

"ப்ளீஸ் போட்டுக்க. தீந்துது" என்றார் அவர்.

"ப்ளீஸ்ங்கறது எல்லாருக்கும் பொதுவுங்க. கடக்காரனுக்கும் ப்ளீஸ், வாத்தியாருக்கும் ப்ளீஸா?"

"அப்ப நீ எடை போட்டு வார்த்த வாங்கறயா?" என்று சிரித்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

சித்தி வீட்டுக் கல்யாணம்

ஃபிட்ஸ் முதலில் வந்தது பாப்பாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது. அன்னூரில் சித்தி வீட்டுக் கல்யாணம். பந்தல் போட்டு, ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கிய நேரம். மூன்றாவது பந்தி. குழந்தைக்குக் காலையிலிருந்து உடம்பு சுட்டது. மடியில் கிடந்தவள் திடீரென்று விறைத்துக்கொண்டாள். கண் மேலே போயிற்று. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து காட்டினோம். குழந்தை டாக்டர் அமைதியாக விளக்கினார். "காய்ச்சல் திடீர்னு ஏறினா சில கொழந்தைகளுக்கு ஃபிட்ஸ் வரும். பெரும்பாலும் அஞ்சு வயசு தாண்டினா நின்னுரும். காய்ச்சல் வந்தா கனமான துணிய எல்லாம் எடுத்துருங்க. மருந்து குடுங்க. ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. பாத்துக்கறவங்க எல்லாருக்கும் இத சொல்லி வைங்க."

பாத்துக்கறவங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க. இது டாக்டர் சொன்னது.

சித்தி வேறு ஒன்று சொன்னார். அன்று சமையல்கட்டுக்குப் பின்னால் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக. "கண்ணு, பொட்டப்புள்ள. வலிப்புன்னு எவ வாயிலயும் வந்துரக் கூடாது. பந்தில என்னாச்சுன்னு கேட்டா பித்தத்துல மயக்கம்னு சொல்லிப்போட்டேன். நீயும் அதவே சொல்லு."

சித்தி கெட்டவர் இல்லை. டாக்டரும் நல்லவர். இருவர் சொன்னதையும் செய்துவிட வேண்டும் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான்.

ஒன்பது நாள்

அப்படித்தான் அந்தக் கடிதம் பிறந்தது. தீபாவளி முடிந்து மழை விட்டிருந்தது. குளிர் தொடங்கினால் சளி, காய்ச்சல் வரும். அதற்குள் மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகக் கூடாது. ஒருவர் வீட்டுக்குப் போனால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மழை பெய்ததா என்று கேட்டு, எழுந்து கிளம்பும்போதுதானே வந்த காரியத்தைச் சொல்வோம். ஆகவே முதல் மூன்று வரியில் மிஸ்ஸின் பெருந்தன்மையையும் பரிவையும் பாராட்டினேன். அடுத்த மூன்று வரியில் அவருடைய பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஏழாவது வரியில் பாப்பா அவரைப் பற்றி வீட்டில் ஓயாமல் பேசுவதைச் சொன்னேன்.

எட்டாவது வரியில்தான் விஷயம். அங்கேதான் ஆறு நாள் நின்றேன்.

'ஃபிட்ஸ்' என்று எழுதலாம். எங்கள் ஆறு வீட்டிலும் அந்தச் சொல் தெரியாதவர் இல்லை. எழுதிப் பார்த்தேன். நாலு எழுத்து. மொட்டையாக, முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. மிஸ்ஸிடம் இப்படியா பேசுவது என்று அடித்தேன். புத்தகத்தைப் புரட்டினேன். காய்ச்சலுக்குப் பைரெக்சியா என்று ஒரு சொல் இருந்தது. திடீரென்று வந்து தாக்குவதற்குப் பராக்சிசம். ஒன்றை நோக்கிச் சாய்கிற இயல்புக்கு ப்ரொபென்சிட்டி. மூன்றையும் கோத்தேன். பைரெக்சியா மேலிடும்போது பராக்சிசத்துக்கான ப்ரொபென்சிட்டி உண்டு.

படித்துப் பார்க்க எவ்வளவு கௌரவமாக இருந்தது! நோய் மாதிரியே இல்லை. ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கவரைக் கேட்டில் ஹேமா மிஸ்ஸிடம் கொடுத்தேன். "தேங்க்யூ" என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாறாத முகம்

அதன் பிறகு தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்ப்பேன். தெரிந்துகொண்டவர்களின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். சித்தி வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையைத் தொடுகிற கையில் ஒரு தயக்கம் வரும். ஹேமா மிஸ் முகத்தில் எதுவும் இல்லை. அதே சிரிப்பு. அதே "குட் மார்னிங், பூர்ணிமா." கன்னத்தில் அதே தட்டு.

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறாரே என்று உருகிப் போனேன். மேக்னானிமஸ் என்று சரியான சொல்லைத்தான் எழுதியிருக்கிறோம் என்று கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டேன்.

மார்கழியில் ஒருநாள் காலை பாப்பாவின் நெற்றி லேசாகச் சுட்டது. சுட்டதா, போர்வைக்குள் இருந்து வந்த சூடா என்று தெரியவில்லை. கழுத்தில் கை வைத்தேன். என் கை குளிர்ந்திருந்ததால் எல்லாமே சூடாகத் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்தது. மருந்து ஒரு மூடி கொடுத்தேன். அனுப்பலாமா, வேண்டாமா என்று இரண்டு முறை யூனிஃபார்மைப் போட்டுக் கழற்றினேன்.

கடைசியில் அனுப்பினேன். மிஸ்ஸுக்குத்தான் தெரியுமே.

அனுப்பியது அந்தக் கடிதத்தின் தைரியத்தில். கடிதம் மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் அன்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்வெட்டர்

பதினொரு மணி இருக்கும். தெருமுனை மருந்துக் கடைக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "ஏனுங், பள்ளிக்கூடத்துல இருந்து போனுங்க. ஒடனே வரச் சொன்னாங்க."

எப்படிப் போனேன் என்று தெரியாது. வராந்தாவில் ஆயா மருதாயி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பாப்பா ஒருக்களித்துக் கிடந்தாள். இழுப்பு நின்றிருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்து. பக்கத்தில் சிவப்பு ஸ்வெட்டர் சுருண்டு கிடந்தது.

குழந்தை நடுங்கியிருக்கிறாள். குளிர் என்று நினைத்து ஹேமா மிஸ் ஸ்வெட்டரைப் போட்டு, கழுத்து வரை பட்டன் போட்டு, ஜன்னலையும் சாத்தியிருக்கிறார். அரை மணி நேரம். எதைச் செய்யக் கூடாது என்று பதின்மூன்றாவது வரியில் எழுதியிருந்தேனோ, அதை. அக்கறையோடு.

ஆயாதான் சத்தம் போட்டு ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறார். அவர் தம்பி மகனுக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறாராம்.

"ஏனுங் அம்மணி," என்றார் ஆயா, கோபமாகவே, "இப்படி வருமின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னங்? தெனமும் கேட்டுல எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான போறீங்க?"

"லெட்டர்ல எழுதியிருந்தனுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே!"

நான் ஹேமா மிஸ்ஸைப் பார்த்தேன். வகுப்பு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். லெட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. இத்தனை நாள் நான் தேடிய மாற்றம்.

ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். மாலைக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பாப்பா இட்லி கேட்டாள்.

சிறுவாணித் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை ஹேமா மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு ஆரஞ்சு.

"வாங்க மிஸ், உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றேன். குடித்தார். "சிறுவாணியா, போர் தண்ணிங்களா?" என்றார். குழாயில் வருகிற சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்தான் என்றேன். பீளமேட்டில் அவர்கள் வீட்டுப் பக்கம் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று சொன்னார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்களாம். நன்றாகத் தமிழ் பேசினார். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. தண்ணீரைப் பற்றியே கால் மணி நேரம் பேசினோம். காபி குடித்தோம். இந்த வருடக் குளிரைப் பற்றிப் பேசினோம்.

எழுந்து நின்று கிளம்பும் நேரத்தில்தான் கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"நானும் தமிழ் மீடியந்தானுங்க" என்றார்.

கடிதத்தை விரித்தேன். என் எழுத்துக்கு மேலே, மெல்லிய பென்சிலில், பொடிப் பொடியாகத் தமிழ் எழுத்து. மேக்னானிமஸ் மேல் பெருந்தன்மை. சொலிசிட்டஸ் மேல் பரிவுள்ள. மூன்றாவது வரி முடிய ஒவ்வொரு கடினச் சொல்லுக்கும் மேலே ஒரு பொருள். நாலாவது வரியிலிருந்து பென்சில் இல்லை.

"மொத நாளே டிக்ஷனரிய வெச்சுக்கிட்டு உக்காந்தனுங்க. மூணு வரி பாக்கறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. என்னயப் பாராட்டி எழுதியிருந்தீங்க. சந்தோசமா இருந்துச்சு. நன்றி லெட்டர்னு நெனச்சனுங்க. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்னு வெச்சுப்போட்டேன்."

"யாரயாச்சும் கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"யாரக் கேக்கறதுங்க? இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் தெரியலயான்னு கேக்க மாட்டாங்களா?"

உக்கடத்தில் பேங்க் பரீட்சை என்று சொன்னவள்தானே நான்.

"பெரிய மிஸ் விசாரிச்சாங்க" என்று தொடர்ந்தார். "பூர்ணிமா அம்மா எழுதிக் குடுத்தாங்க, நாந்தான் முழுசாப் படிக்கலன்னு சொல்லிப்போட்டனுங்க. லெட்டர வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒண்ணுஞ் சொல்லாமத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அவங்களுக்குப் புரிஞ்சுதாமாங்களா?"

"அவுங்களும் சொல்லலீங்க. நானுங் கேக்கலீங்க."

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "ஃபிட்ஸ்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே?"

"மரியாதையா இருக்காதேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

மரியாதைக்காகத்தானா? இன்று வரை எனக்குத் தெளிவாகவில்லை. முதல் ஏழு வரி மரியாதை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டாவது வரி? டாக்டருக்காக எழுதவும் வேண்டும், சித்திக்காக யாருக்கும் தெரியவும் கூடாது. இரண்டையும் ஒரே சொல்லில் செய்யத்தான் ஆறு நாள் தேடினேனோ? ஹேமா மிஸ் முகம் மாறாததைப் பார்த்து நான் உருகியது அவருடைய பெருந்தன்மைக்காகவா, தப்பித்தோம் என்ற நிம்மதியிலா?

கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது. வேண்டுமென்றே ஒளித்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. ஒளிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"இப்ப எழுதிக் குடுங்க" என்றார் அவர். "தமிழ்லயே."

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நாலு வரி எழுதினேன். காய்ச்சல் ஏறினால் ஃபிட்ஸ் வரும். ஸ்வெட்டரைக் கழற்றவும். ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். மருந்துக் கடைக்குப் போன் செய்யவும். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஃபிட்ஸை எழுதும்போது கை ஒரு முறை நின்றது.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். உடனே கேள்விகள் வந்தன. "ஒருக்களிச்சுன்னா எந்தப் பக்கமுங்க? தலைக்கு ஏதாச்சும் வெக்கணுங்களா? எத்தன நிமிசம் பாக்கறது?" இருபது வரிக்கு ஒரு கேள்வி வரவில்லை. நாலு வரிக்கு ஏழெட்டு வந்தன. பாப்பாவைப் பாயில் படுக்க வைத்துக் காட்டினேன். அவள் கிச்சுக்கிச்சு மூட்டுவதாக நினைத்துச் சிரித்துச் சிரித்து உருண்டாள். "இருங்க கண்ணு, மிஸ் பாக்கறாங்கல்ல" என்று பிடித்துப் பிடித்து வைத்தேன்.

போர்டுக்குக் கீழே

புதன்கிழமை பாப்பாவை மறுபடி பள்ளிக்குக் கொண்டு போனேன். கேட்டில் ஏழெட்டு அம்மாக்கள். சரசக்காவும் தன் பேரனோடு நின்றிருந்தார்.

ஹேமா மிஸ் என்னைப் பார்த்ததும், போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, நல்ல தமிழில், நல்ல சத்தமாகக் கேட்டார். "ஏனுங், இன்னைக்குக் காய்ச்சல் இல்லீங்களே? ஃபிட்ஸுக்குக் குடுத்த மருந்து பையில இருக்குதுங்களா?"

அத்தனை தலையும் திரும்பியது.

எதற்காக இத்தனை வருடம் பயந்தேனோ அது நடந்துவிட்டது. அவர் மேல் கோபம் வந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வாயில் வந்த முதல் சொல் 'நத்திங்'. அதை முழுங்கினேன்.

"காய்ச்சல் இல்லீங்க மிஸ். மருந்து பையில இருக்குதுங்க. முன் ஜிப்புல."

ஓர் அம்மா தன் பையனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இன்னொருவர் எந்த டாக்டர் என்று கேட்டார். சரசக்கா ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில், "இதுக்குத்தானா அம்மணி அந்த மொணமொணப்பெல்லாம்?" என்றார். அன்று மதியம் குழாயடியில் என் குடத்தையும் சேர்த்து அவரே நகர்த்தி வைத்திருந்தார். அதை இரக்கம் என்று எடுத்துக்கொள்வதா, பழக்கம் என்று எடுத்துக்கொள்வதா என்று அதற்கும் ஒரு நாள் யோசித்தேன்.

பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு. டாக்டர் சொன்ன மாதிரியே அஞ்சு வயதோடு நின்றுவிட்டது. அந்தப் புத்தகம் இன்னும் கிரைண்டர் பக்கத்தில்தான் இருக்கிறது. சில நாள் பத்துச் சொல் படிக்கிறேன். எனக்கு அவை பிடித்திருக்கின்றன. பிடிப்பது தப்பா என்று தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளி விட்டு வந்த பாப்பா பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். "அம்மா, ஃபிட்ஸ்னா என்னம்மா?"

எத்தனையோ சொற்களுக்குப் பொருள் மனப்பாடமாகத் தெரிந்த நான் முதலில் அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிறகு சொன்னேன். உடம்பு ரொம்பச் சுட்டா கையும் காலும் தன்னால ஆடும், அப்பறம் நின்னுரும் என்றேன். "ஓ" என்று போய்விட்டாள்.

அடுப்பில் பால் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவிநாசித் தேருக்குப் போனபோது வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையின் சட்டையைக் கழற்றி, பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத யாரிடமோ, கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவிங்களுக்கு ஃபிட்ஸுங்க. நான் மிஸ்கிட்டச் சொல்லிப்போட்டேன்."